காதை நம்பி டைமிங் வைக்கலாமா?

எமது கராஜ்களில் நீண்டகாலமாக நிலைபெற்றுவிட்ட நம்பிக்கை ஒன்று உண்டு. நல்ல மெக்கானிக்குக்குக் கருவி தேவையில்லை, காது போதும் என்பதே அது. எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்பி, சத்தம் சீராக வந்த இடத்தில் நட்டை இறுக்கிவிட்டு, 'டைமிங் வைச்சாச்சு' என்று சொல்பவரை நாம் ஒரு வித்தகராகவே பார்த்து வந்திருக்கிறோம். அந்த வித்தகத்தை மதிப்பதற்குப் போதிய காரணங்கள் இருக்கின்றன. ஆனால், அதை மாத்திரம் நம்பியிருப்பதற்காக வாகனச் சொந்தக்காரர்கள் கொடுத்துவருகின்ற விலையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அரசியல் பத்திகளை எதிர்பார்த்து வரும் வாசகர்கள் இது என்ன விடயம் என்று கேட்கக்கூடும். இலங்கை அரசாங்கம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடையில் 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்ததையும், எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாள்கணக்கில் நீண்ட வரிசைகளையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆண்டுகளில் பழைய வாகனத்தைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர சிறிய வியாபாரிக்கு வேறு வழியிருக்கவில்லை. மரக்கறி ஏற்றுபவருக்கும் மீன் ஏற்றுபவருக்கும் அந்தப் பழைய பிக்கப்தான் முதலீடு. அதன் எஞ்சின் வீணாகக் குடிக்கின்ற ஒவ்வொரு லீற்றரும் அவரது வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்படுவதாகும்.

முதலில் டைமிங் என்பது என்னவென்று பார்ப்போம். பெற்றோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறி, காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை அழுத்துகிறது. அந்த வேளையில் பிளக்கில் மின்பொறி பாய்ந்து கலவை எரியத் தொடங்குகிறது. கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிந்துவிடுவதில்லை. தீ பரவுவதற்குச் சில மில்லி செக்கன்கள் தேவைப்படுகின்றன. பிஸ்டன் உச்சப் புள்ளியைக் கடந்து, கிராங்க் தண்டு மேலும் ஏறத்தாழ 15 பாகை சுழன்றிருக்கும்போது அமுக்கம் உச்சநிலையை அடையுமானால் எரிபொருளின் பெரும்பலன் கிடைக்கும். ஆகவே, பிஸ்டன் உச்சத்துக்கு வருவதற்கு முன்னரே பொறி பாயவேண்டும். எவ்வளவு முன்னர் என்பதைக் கிராங்க் தண்டு சுழலும் பாகையில் சொல்வதே டைமிங் எண்.

இதில் வேகம் குறுக்கிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்றவாறு ஓடும்போது ஒரு மில்லி செக்கனில் கிராங்க் தண்டு சுழல்வது 4.8 பாகை. 3000 சுற்றில் அதே மில்லி செக்கனில் 18 பாகை. எரிவதற்குத் தேவையான நேரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. எனவே, வேகம் கூடக்கூடப் பொறியை மேலும் மேலும் முந்தவைக்கவேண்டும். 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்ட் 'ரி' மொடல் காரில் இந்த வேலையைச் சாரதியே செய்தார். ஸ்ரியரிங்கின் கீழே அதற்கென ஒரு நெம்பு இருந்தது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னர் அந்த நெம்பைப் பிந்திய நிலையில் வைக்க மறந்தால், எஞ்சின் பின்னோக்கி உதைத்துக் கையையே முறித்துவிடும்.

பின்னர் வந்த எஞ்சின்களில் அந்த வேலையை டிஸ்ரிபியூட்டர் ஏற்றுக்கொண்டது. அதனுள்ளே இருக்கும் இரண்டு சிறிய எடைகள் வேகம் கூடும்போது வெளிநோக்கி விரிந்து பொறியை முந்தவைக்கின்றன. பக்கத்தில் பொருத்தப்பட்ட வெற்றிட டப்பா, பாரம் குறைந்த ஓட்டத்தின்போது மேலும் சில பாகைகளைச் சேர்க்கிறது. இவை இரண்டும் எந்த எண்ணின் மீது கூட்டுகின்றனவோ அந்த எண்ணே அடிப்படை டைமிங். மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பது அதை மாத்திரந்தான். உதாரணமாக, அடிப்படை 10 பாகையாகவும், எடைகள் உயர்ந்த வேகத்தில் கூட்டுவது 22 பாகையாகவும் இருந்தால் மொத்தம் 32. அடிப்படையைத் தெரியாமல் 16 இல் வைத்துவிட்டால் மொத்தம் 38 ஆகிவிடும். கீழே விட்ட பிழை மேலே எங்கும் திருத்தப்படுவதில்லை. முழுமையாக மேலே போய்ச் சேருகிறது. இதில் அரசியல் உவமை எதையும் வாசகர்கள் தேடவேண்டியதில்லை. நான் எஞ்சினைப் பற்றியே பேசுகிறேன்.

இப்போது காதின் விடயத்துக்கு வருவோம். எஞ்சின் பாரமின்றி நின்றவாறு ஓடும்போது பொறியை முந்தவைத்தால் பெரும்பாலும் சுற்று வேகம் கூடும், சத்தமும் இனிமையாகும். எனவே, காதை மட்டும் கேட்டுத் திருப்புபவர் இயல்பாகவே தேவைக்கு மேலான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். கராஜ் வாசலில் அந்த எஞ்சின் அருமையாக ஓடும். அரைத்தொன் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் தட்டத் தொடங்கும். பொறியின் தீ வந்து சேருவதற்கு முன்னரே மிகுதிக் கலவை தானாக வெடிப்பதால் எழும் ஓசை அது. தொடர்ந்து தட்டவிட்டால் ஹெட் காஸ்கெட் போகும், பிஸ்டனின் தலை அரிபடும். உயர்ந்த வேகத்தில் அந்த ஓசை மற்ற இரைச்சல்களுக்குள் மறைந்துவிடும் என்பதுதான் இதில் மிகவும் ஆபத்தான பகுதி. காது கேட்காத இடத்தில்தான் சேதம் அதிகம்.

இதற்கு மறுதலையான தவறு சத்தமில்லாதது. தட்டும் ஓசை நிற்கும்வரை டிஸ்ரிபியூட்டரைப் பின்னே திருப்பிவிட்டு இருந்துவிடுவது. பொறி பிந்தினால் கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். உழைக்கவேண்டிய வெப்பம் புகைக்குழாய் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வெளியேறும். எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், பெற்றோல் செலவு கூடும். ஆனால், காது எந்தக் குறையும் சொல்லாது.

சில காலத்துக்கு முன்னர் வவுனியாவில் நான் பார்த்த ஒரு பெற்றோல் பிக்கப்பின் கதை அத்தகையதே. எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்ததை ஊற்றி ஓடியபோது எஞ்சின் தட்டியிருக்கிறது. அப்போது டைமிங்கைப் பின்னே தள்ளியிருக்கிறார்கள். நல்ல பெற்றோல் வந்த பின்னரும் எவரும் அதைத் திரும்பத் தொடவில்லை. வண்டி சூடேறுகிறது என்று ரேடியேற்றர் மாற்றப்பட்டது, தேர்மோஸ்ரற் கழற்றி எறியப்பட்டது. ஓர் இளைஞர் டைமிங் லைற்றைப் பிடித்துப் பார்த்தபோது, ஒட்டுத்தாளில் உச்சப் புள்ளிக்கு முன் 8 பாகை என்று இருந்த எஞ்சினின் குறி, உச்சப் புள்ளிக்குப் பின் 2 பாகையில் நின்றது. பத்துப் பாகை பிந்தியிருந்தது.

அங்கு நின்ற மூத்த மெக்கானிக்குக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. "தம்பி, முப்பது வருசமாய் இந்தக் காதாலதான் வைக்கிறன். இது பிழைக்காது" என்றார். இளைஞர் மரியாதை குறையாமல் பதில் சொன்னார்: "காது பிழைக்கேல்லை அண்ணை. தட்டுற சத்தத்தை நிப்பாட்ட வேணும் எண்டியள், அது நிண்டுட்டுது. ஆனா அதுக்காக எத்தனை பாகையைக் குடுத்தம் எண்டு காதுக்குத் தெரியாது."

இந்த விவாதத்தில் மூத்தவரின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைசெய்யப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். புகையும் மணமும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்களின் நினைவில் இன்றும் இருக்கும். நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது அந்தக் கார்களில்தான்.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவானது. அழுத்தத்தில் அது விரைவிலேயே தானாக வெடித்துவிடும். ஆகவே, டைமிங்கைப் பின்னே தள்ளாமல் அந்த எஞ்சின்களை ஓட்டியிருக்க முடியாது. இந்த உத்தி யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதுமல்ல. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை தயாரிக்கப்பட்ட ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடுவதற்கென்றே அழுத்த விகிதம் குறைக்கப்பட்டு வெளிவந்தது. அதையும் பெற்றோலில் கிளப்பிச் சூடேற்றிய பின்னரே மாற்றுவார்கள். அங்கே தொழிற்சாலையின் பொறியியலாளர்கள் வடிவமைத்ததை, இங்கே கையில் ஒரு ஸ்பனருடன் நின்றவர்கள் மரநிழலில் செய்துகாட்டினார்கள்.

ஆனால், இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் தவறானது என்பதே எனது அபிப்பிராயம். அந்த மெக்கானிக்குகள் வென்றது கூரிய காதினால் மாத்திரமல்ல. எரிபொருள் மாறினால் பொறியின் நேரமும் மாறவேண்டும் என்ற காரணத்தை அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு எந்தக் கைநூலிலும் எண் இருக்கவில்லை. அளப்பதற்குரிய எண் இல்லாத இடத்தில் காதைப் பயன்படுத்தினார்கள். இன்று எண் பொனெற்றின் கீழே ஒட்டப்பட்டிருக்கும்போதும் காதைப் பயன்படுத்துவது அவர்களைப் பின்பற்றுவதாகாது. நாம் அவர்களது பழக்கத்தை வைத்துக்கொண்டு, பழக்கத்தின் காரணத்தைத் தொலைத்துவிட்டோம்.

அந்த எண் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். எந்த நிலையில் அளக்கவேண்டும் என்பதும் வேறுபடும். ரொயோட்டா ஹைலக்ஸில் வந்த 22 ஆர்-ஈ எஞ்சினுக்கு உச்சப் புள்ளிக்கு முன் 5 பாகை. ஆனால், சோதனை இணைப்பிலுள்ள ரீ.ஈ.1, ஈ.1 ஆகிய இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டினால் இணைத்த பின்னரே அதை அளக்கவேண்டும். அப்போதுதான் கணினி தன் பங்குக்கு முந்தவைப்பதை நிறுத்தும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் ஓடுகின்ற ஃபோர்ட் பிக்கப்களின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில், எரிபொருள் உட்செலுத்தும் வகைக்கு 10 பாகை. அதற்கு டிஸ்ரிபியூட்டர் வயரிலுள்ள சிறிய செருகியை முதலில் கழற்றவேண்டும். 1987 தொடக்கம் வந்த செவ்ரோலே 350 பிக்கப் எஞ்சினுக்கோ பூச்சியம். அங்கும் அதற்கென உள்ள ஒற்றை வயரைப் பிரித்த பின்னரே பார்க்கவேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டு 5 பாகை வைப்பவர், கணினி கூட்டிய பாகைகளையும் சேர்த்து 5 ஆக்கிவிடுகிறார். எஞ்சின் அந்தளவுக்குப் பிந்திவிடுகிறது. லைற் இருந்தும் பிழை நேரலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எண்ணோடு நிபந்தனையையும் வாசிக்கவேண்டும்.

பொயின்ற்றும் காபரேற்றரும் உள்ள பழைய எஞ்சினில் ஒழுங்கு இதுதான். முதலில் பொயின்ற் இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். அது மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் பின்னர் செய்வதில் பயனில்லை. எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, ஒட்டுத்தாளில் உள்ள சுற்று வேகத்துக்குக் கொண்டுவந்து, வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைக்கும்படி அதில் சொல்லப்பட்டிருந்தால் அவ்வாறே செய்யவேண்டும். எஞ்சினை நிறுத்தி, கிராங்க் கப்பியிலுள்ள குறியைத் துடைத்து வெண்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளவேண்டும். லைற்றின் கவ்வியை முதலாவது சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டி, மீண்டும் கிளப்பி, ஒளியைக் குறிமேல் பாய்ச்சினால் சுழலும் குறி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். டிஸ்ரிபியூட்டரின் நட்டைச் சற்றே தளர்த்தி, உள்ளே றோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். டிஸ்ரிபியூட்டர் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், அதை ஒரு பாகை திருப்பினால் டைமிங் இரண்டு பாகை மாறும். எனவே, மயிரிழை அளவில் அசைத்தால் போதும். இறுக்கிய பின்னர் மறுபடியும் பார்க்கவேண்டும். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. அந்த ஒளியில் விசிறியும் பெல்ற்றும்கூட நிற்பதுபோலத் தோன்றக்கூடும். தொங்கும் சாரத்துடனும் தளர்ந்த கைச்சட்டையுடனும் இந்த வேலைக்குக் குனியக்கூடாது.

லைற் வாங்க வசதியில்லை என்பது ஏற்கத்தக்க பதிலல்ல. பொயின்ற் உள்ள எஞ்சினுக்கு ஒரு 12 வோல்ற் பல்பும் இரண்டு துண்டு வயரும் போதும். எஞ்சினை ஓடவிடாமல், அது சுழலும் திசையிலேயே கையால் சுழற்றி, முதலாவது சிலிண்டர் அழுத்தத்துக்கு வரும்போது ஒட்டுத்தாள் சொல்லும் பாகையில் குறியை நிறுத்தவேண்டும். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர் பொருத்தப்பட்ட முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் பல்பை இணைத்து, சாவியைத் திறந்து, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடமே பொறி பாயும் இடம். ஓடும் எஞ்சினில் லைற் பிடிப்பதற்கு இது முழுமையான ஈடல்லவாயினும் காதைவிடப் பன்மடங்கு நம்பகமானது.

அளவுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. பல எஞ்சின்களில் கிராங்க் கப்பி இரண்டு வளையங்களாலானது. இடையில் இருக்கும் இறப்பர் வயதாகி இளகினால் வெளிவளையம் நகர்ந்து குறியே பொய் சொல்லும். சந்தேகமிருந்தால் முதலாவது பிஸ்டன் உண்மையில் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டு குறியை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒளியில் குறி ஓரிடத்தில் நில்லாமல் துள்ளினால் டைமிங் செயினோ டிஸ்ரிபியூட்டரின் தண்டோ தேய்ந்திருக்கலாம். அதைத் திருத்தாமல் எண்ணைத் தேடுவது வீண். எண்ணை வைத்த பின்னரும், பாரத்துடன் மேட்டில் ஏற்றிப் பார்க்கும்போது தட்டுமானால் இரண்டொரு பாகை பின்னே எடுப்பதில் தவறில்லை. அந்த இடத்தில் காதுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், எங்கிருந்து எவ்வளவு விலகினோம் என்பது தெரிந்து விலகவேண்டும். விலகியதைப் பொனெற்றின் உட்புறத்தில் எழுதியும் வைக்கவேண்டும். வவுனியா வண்டியில் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் ஒரு ரேடியேற்றரின் காசு மிஞ்சியிருக்கும்.

எழுதிவைப்பது என்பதே இந்த விடயத்தில் எமது பெரிய குறைபாடு. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் வெளிக்கொணர்ந்தவர் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மனித உடலின் நரம்பையும் நாளத்தையும் தமிழில் விளக்க முடியும் என்று அவர் காட்டியபின் ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒரு டிஸ்ரிபியூட்டரைத் தமிழில் விளக்குவது அதைவிடக் கடினமான காரியமல்ல. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மெக்கானிக்குகளில் பலர் முதுமையடைந்துவிட்டார்கள், பலர் மறைந்துவிட்டார்கள். எந்தக் காருக்கு எவ்வளவு பின்னே தள்ளினார்கள், எதைக் கண்டு அப்படித் தீர்மானித்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும் காலம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. போர்க்கால வாழ்வைப் பற்றி எழுதுபவர்கள் அந்தக் கராஜ்களுக்கும் போகவேண்டும்.

புதிய எஞ்சின்களில் திருப்புவதற்கு டிஸ்ரிபியூட்டரே இல்லை. கணினியும் தட்டும் ஓசையை உணரும் கருவியும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே, இந்த அறிவுக்கு இனி என்ன தேவை என்று கேட்பவர்கள் இருக்கலாம். தேவை, பழைய வண்டியை மாற்ற வசதியில்லாதவர்களுக்கு. அவர்களது வண்டிகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு எமது சந்தைகளுக்குப் பொருள் கொண்டுவரப் போகின்றன. ஒவ்வொரு கராஜின் சுவரிலும், அங்கு வழமையாக வரும் எஞ்சின்களின் அடிப்படை டைமிங்கையும் அதை அளக்கும் நிபந்தனையையும் தமிழில் எழுதிய ஒரு தாளை ஒட்டிவைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வண்டியை விடுகிறவரும், திரும்ப எடுக்கும்போது 'எத்தனை பாகையில் வைத்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்கப் பழகவேண்டும். அந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் வருமானால், வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.